பெருந்தொற்று வந்தால் முதல் ஊசி யாருக்கு?

2009 ஏப்ரலில் தெற்குக் கலிபோர்னியாவில் காய்ச்சல் கண்ட இரண்டு குழந்தைகளின் சளி மாதிரிகளில், அதுவரை மனிதரிடம் யாரும் பார்த்திராத ஒரு ஹெச்1என்1 வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ் தென்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அமெரிக்காவில் முதல் தடுப்பூசி போடப்பட்டது அக்டோபர் 5 அன்று. அக்டோபருக்குள் 12 கோடி டோஸ் வந்துவிடும் என்று கோடையின் தொடக்கத்தில் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டில் அந்தக் கணக்கு 4.5 கோடியாக இறங்கியது. அக்டோபர் முடிந்தபோது கைக்கு வந்திருந்தது 3 கோடிக்கும் குறைவு. நோயின் இரண்டாம் அலை உச்சம் தொட்டதும் அதே மாதத்தில்தான்.

முன்னுரிமைப் பட்டியலில் இருந்தவர்களோ 15.9 கோடிப் பேர். பட்டியல் இருந்தது, ஊசி இல்லை.

இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றில் யாருக்கு முதலில் ஊசி என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஊசி எல்லோருக்கும் போதுமென்றால் கேள்வியே இல்லை. ஒன்றுமே இல்லையென்றாலும் கேள்வி இல்லை. நோய் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஊசி சொட்டுச் சொட்டாக வரும் அந்த மூன்று நான்கு மாதங்களில், யாரோ ஒருவர் “நீங்கள் வாங்க”, “நீங்கள் பொறுங்க” என்று சொல்லியாக வேண்டும். அதை எந்தக் கணக்கில் சொல்வது?

இந்தத் தட்டுப்பாடு ஏன் தவிர்க்க முடியாதது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உலகில் தயாராகும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் பெரும்பகுதி இன்னும் கோழிமுட்டையில்தான் வளர்கிறது. நம் கடைக்கு வரும் நாமக்கல் முட்டை இதற்கு உதவாது. அது கருக்கூடாத முட்டை. தடுப்பூசிக்கு வேண்டியது உள்ளே பத்து நாள் வளர்ந்த கரு உள்ள முட்டை. அதை இடும் கோழிகளைத் தனியாக, நோய் அண்டாமல் வளர்க்க வேண்டும். முட்டை ஓட்டில் துளையிட்டு, வைரஸைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் அடைகாக்கும் சூட்டில் வைத்து, பிறகு திரவத்தை எடுத்துச் சுத்திகரித்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து, அளந்து, சோதித்து, குப்பியில் அடைக்க வேண்டும். வைரஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து முதல் குப்பி வெளியே வர ஐந்து ஆறு மாதமாகும். 2009-இல் இன்னொரு தடங்கல்: புதிய வைரஸ் முட்டையில் சரியாக வளரவில்லை. வழக்கமான பருவக் காய்ச்சல் வைரஸ் தரும் விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. முட்டைக்குப் பதிலாகச் செல்களில் வைரஸை வளர்க்கும் முறையும், வைரஸை வளர்க்கவே தேவையில்லாத எம்ஆர்என்ஏ முறையும் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். ஆனால் முதல் குப்பிக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் சில மாதங்கள் எப்படியும் நிற்கும்.

யாரைக் காப்பது என்பதற்கு முன்

பட்டியல் போடுகிறவர்களில் பலர் நேராக ஆட்களின் பெயர்களுக்குப் போய்விடுகிறார்கள்: மருத்துவர், முதியவர், கர்ப்பிணி, போலீஸ். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த ஊசியைக் கொண்டு எதைச் சாதிக்கப் பார்க்கிறோம்? சாவைக் குறைப்பதா? இழக்கப்படும் ஆயுள் ஆண்டுகளைக் குறைப்பதா? நோய் பரவுவதையே தடுப்பதா? மின்சாரமும் குடிநீரும் ஆம்புலன்ஸும் நிற்காமல் பார்த்துக்கொள்வதா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பட்டியல். ஒரு நோக்கத்தின் பட்டியலில் முதலில் நிற்பவர் இன்னொன்றில் கடைசியில் நிற்பார். இந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவ அறிவியல் மட்டும் முடிவு செய்யும் விஷயமாக எனக்குத் தெரியவில்லை. எந்த வயதினர் எத்தனை பேர் சாவார்கள் என்று அறிவியல் கணித்துச் சொல்லும். எந்தச் சாவை முதலில் தடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் மக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

இதை அமெரிக்கா படிப்படியாகக் கற்றுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2004 அக்டோபரில் பிரிட்டனின் லிவர்பூலில் இருந்த சிரோன் நிறுவனத்தின் ஆலையில் கிருமி மாசு கண்டு அதன் உரிமத்தை அந்நாட்டு அரசு நிறுத்தி வைத்தது. அமெரிக்கா அந்த ஆண்டுக்கு எதிர்பார்த்திருந்த பருவக் காய்ச்சல் ஊசியில் ஏறக்குறைய பாதி, 4.8 கோடி டோஸ், ஒரே நாளில் காணாமல் போனது. வயதானவர்கள் விடியற்காலையிலிருந்து கடை வாசல்களில் நின்றார்கள். சில ஊர்களில் குலுக்கல் நடந்தது. இத்தனைக்கும் அது பெருந்தொற்று ஆண்டு அல்ல, சாதாரண ஆண்டு.

அடுத்த ஆண்டு, பறவைக் காய்ச்சல் அச்சத்தின் நடுவே, அமெரிக்க சுகாதாரத் துறை பெருந்தொற்றுத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. தடுப்பூசி தயாரிக்கும் ஊழியர்களும் மருத்துவப் பணியாளர்களும் முதலில். அடுத்து, நோய் வந்தால் இறக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்கள், அதாவது பெரும்பாலும் இணைநோய் உள்ளவர்களும் முதியவர்களும். ஆரோக்கியமான குழந்தைகளும் இளைஞர்களும் கடைசி. எத்தனை உயிர் பிழைக்கும் என்பது ஒன்றையே அளவுகோலாக வைத்தால் இது சரிதான்.

2006-இல் எசக்கியேல் இமானுவேல், ஆலன் வெர்த்தைமர் என்ற இரண்டு அறவியல் அறிஞர்கள் சயன்ஸ் இதழில் இதை நேராக எதிர்த்தார்கள். குழந்தையாக, இளைஞராக, நடுவயதினராக, முதியவராக எல்லாப் பருவங்களையும் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொரு மனிதருக்கும் வேண்டும். எண்பது வயதுக்காரருக்கு அது கிடைத்துவிட்டது, இருபது வயதுக்காரருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது அவர்களின் வாதம். அதோடு நிற்கவில்லை. ஒரு இளைஞரின் வாழ்க்கையில் குடும்பமும் சமூகமும் அவரும் போட்ட உழைப்பு, கண்ட கனவுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதன்படி 13 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சிறு குழந்தைகளுக்கும் முன்னால் வந்தார்கள்.

முதல் பாதியை நான் ஏற்கிறேன். நம் வீடுகளிலேயே கேட்டுப் பாருங்கள். பேரனுக்கா உங்களுக்கா என்றால் பெரும்பாலான பாட்டிமார் யோசிக்கக்கூட மாட்டார்கள். இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் மேல் இன்னும் குறைவாகத்தான் ‘போட்டிருக்கிறோம்’ என்பதால் அதன் உயிர் இருபது வயதுக்காரரின் உயிருக்குப் பின்னால் போகும் என்றால், அந்தத் தராசில் ஏதோ கோளாறு இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாதவர், வேலை கிடைக்காதவர் ஆகியோரின் உயிரையும் நாளைக்கு அதே தராசில் நிறுத்த ஆள் வருவார்கள்.

இதற்கிடையில் பொதுமக்களையே கேட்கும் முயற்சியும் நடந்தது. 2005-இல் அட்லாண்டா உள்ளிட்ட இடங்களில் சாதாரணக் குடிமக்களையும் துறை சார்ந்தவர்களையும் உட்கார வைத்து, நோயைப் பற்றி விளக்கி, நாள் முழுக்கப் பேச வைத்தார்கள். சாவைக் குறைப்பதைத்தான் மக்கள் முதலில் சொல்வார்கள் என்று பல நிபுணர்கள் நினைத்திருக்கலாம். கூடியவர்கள் முதலில் வைத்தது சமூகம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை. அதற்கு அடுத்ததாகத்தான் ஆபத்து அதிகமுள்ளவர்களின் சாவைக் குறைப்பது. பிறகு நடந்த கூட்டங்களிலும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், அத்தியாவசிய சேவை செய்பவர்கள், குழந்தைகள் ஆகியோர் மேலே வந்தார்கள். மக்களிடம் விவரத்தைக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டால் அவர்கள் தங்களைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை.

2008 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதலில் இதன் தடம் தெளிவாகத் தெரிந்தது. 1918 போன்ற கடுமையான பெருந்தொற்றில் முதல் அடுக்கில் நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல், போர்க்களத்தில் உள்ள படையினர், தடுப்பூசி தயாரிப்போர். அவர்களோடு கர்ப்பிணிகளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளும். பொதுமக்கள் பிரிவில் 65 வயதைக் கடந்தவர்கள் நான்காம் அடுக்குக்குப் போனார்கள். மூன்றே ஆண்டுகளில் பட்டியல் தலைகீழானது. வைரஸைப் பற்றிப் புதிதாக ஏதும் கண்டுபிடித்துவிடவில்லை. நோக்கம் மாறியதால் பட்டியலும் மாறியது.

அதில் இன்னொரு நுட்பம் உண்டு. நோய் கடுமையாக இல்லாவிட்டால் மின்வாரியம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் ஊழியர்களுக்குத் தனி முன்னுரிமை கிடையாது. கடுமையான பெருந்தொற்றின் உச்சத்தில் பத்துப் பேரில் நால்வர் வேலைக்கு வராமல் போகலாம் என்பது திட்டமிடுவோரின் கணக்கு. நோயுற்றவர்கள், நோயுற்றவரைப் பார்த்துக்கொள்பவர்கள், பயந்து வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அத்தனை பேர். துணை மின்நிலையத்தில் பத்தில் நால்வர் இல்லையென்றால் மருத்துவமனையில் வென்டிலேட்டர் ஓடுவதே சந்தேகம். மிதமான நோயில் அந்த நிலை வராது என்பதால் அந்த ஊசி, நோய் வந்தால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் போகலாம்.

வைரஸும் வயதும்

எந்த வயதினர் அதிகம் சாகிறார்கள் என்பது ஒவ்வொரு இன்ஃப்ளூயன்சாவிலும் வேறு. வழக்கமான ஆண்டுகளில் சாவு கைக்குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் குவியும், நடுவில் பள்ளம். 1918-இல் அந்தப் பள்ளத்தின் நடுவே ஒரு மலை எழுந்தது: இருபதிலிருந்து நாற்பது வயது வரை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மாண்ட நோய் அது. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில், 1918-இல் அந்நோயால் கூடுதலாக இறந்தவர்களில் 99 விழுக்காட்டினர் 65 வயதுக்குட்பட்டவர்கள். 1957-இல் 36 விழுக்காடு. 1968-இல் 48 விழுக்காடு.

2009-இலும் அடி இளையோர் மீதுதான். உலகம் முழுவதும் இறந்தவர்களில் ஐந்தில் நால்வர் 65 வயதுக்குட்பட்டவர்கள் என்பது பின்னாளைய மதிப்பீடு. 1957-க்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் ஹெச்1என்1 வகை வைரஸை ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள். அந்தப் பழைய நினைவு அவர்கள் உடலில் இருந்தது. அதனால் 2009 ஜூலை 29 அன்று அமெரிக்க நிபுணர் குழு தேர்ந்த ஐந்து பிரிவுகளில் முதியவர்கள் இல்லை. கர்ப்பிணிகள், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் வீட்டார், மருத்துவ மற்றும் அவசரகாலப் பணியாளர்கள், ஆறு மாதம் முதல் 24 வயது வரையானவர்கள், 25 முதல் 64 வரை இணைநோய் உள்ளவர்கள். ஆண்டுதோறும் முதலில் அழைக்கப்பட்ட பெரியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் முடிவு சரி. முன்கூட்டியே எழுதிய பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியிருந்தால் தவறியிருக்கும்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர். அந்தப் பெருந்தொற்றில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐவர். கர்ப்ப காலத்தில் நுரையீரல் விரிய இடம் குறைகிறது, நோய் எதிர்ப்பு முறை மாறுகிறது, இதயத்தின் சுமை கூடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அவரிடம் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. வங்கதேசத்தின் டாக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முதல் ஆறு மாதத்தில் உறுதி செய்யப்பட்ட இன்ஃப்ளூயன்சா 63 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு ஊசி, இரண்டு உயிர். எந்த நோக்கத்தை வைத்துப் பட்டியல் போட்டாலும் கர்ப்பிணிகள் மேலேயே நிற்கிறார்கள். இந்த விவாதம் முழுவதிலும் இப்படிச் சண்டையில்லாமல் முடிகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டால் தாத்தா பிழைப்பாரா?

இந்த வாதம் பலருக்கு முதலில் விசித்திரமாகப் படும். முதியவரைக் காக்க வேண்டுமென்றால் முதியவருக்குத்தானே ஊசி போட வேண்டும்? சிக்கல் என்னவென்றால், வயதாக ஆக உடல் தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் தருவதில்லை. போட்டும் பாதுகாப்பு அரைகுறைதான். பள்ளிப் பிள்ளைகளிடமோ ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஊரில் இன்ஃப்ளூயன்சாவைச் சுமந்து திரிபவர்களும் அவர்களே. வகுப்பறையில் வாங்கி வீட்டில் கொடுப்பார்கள்.

ஜப்பான் இதை அறிந்தோ அறியாமலோ பெரிய அளவில் செய்து பார்த்தது. 1962-இலிருந்து அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டார்கள், 1977-இல் கட்டாயமாக்கினார்கள், 1987-இல் தளர்த்தி 1994-இல் கைவிட்டார்கள். 2001-இல் வெளியான ஒரு ஆய்வு அந்தக் காலத்து இறப்புக் கணக்கைப் பார்த்தது. ஊசி போட்ட ஆண்டுகளில் குளிர்காலக் கூடுதல் சாவு குறைந்திருந்தது, கைவிட்டபின் ஏறியது. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 சாவுகள் வரை தவிர்க்கப்பட்டன என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு; தப்பியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பின்னோக்கிப் பார்த்துப் போட்ட கணக்கு என்பதால் இதை ஐயத்தோடு பார்ப்பவர்களும் உண்டு.

கனடாவில் நடந்த சோதனையில் அந்தக் குறை இல்லை. ஹட்டரைட் என்னும் கிறித்தவப் பிரிவினர் அங்கே தனித்தனிக் குடியிருப்புகளில் கூட்டாக வாழ்கிறார்கள். வெளியாரோடு புழக்கம் குறைவு. 49 குடியிருப்புகளில், சிலவற்றில் குழந்தைகளுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசியும் மற்றவற்றில் மஞ்சள் காமாலை ஏ ஊசியும் குலுக்கல் முறையில் போட்டார்கள். பெரியவர்களைத் தொடவில்லை. 2010-இல் வந்த முடிவு: குழந்தைகளுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாதவர்களுக்கும் 61 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. 2009-இல் ஜான் மெட்லாக், அலிசன் கல்வானி இருவரும் செய்த கணித மாதிரியும் இதையே சொன்னது: 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கும், அவர்களின் பெற்றோர் வயதான 30 முதல் 39 வரையானவர்களுக்கும் முதலில் போட்டால் மற்ற எல்லோருக்கும் நல்லது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பரவலைத் தடுக்கும் வழி பலிக்க வேண்டுமானால் ஊசி நிறைய வேண்டும், அலை எழும்பும் முன் வேண்டும். ஊரில் பத்தில் நான்கு பேருக்கு நோய் வந்துபோன பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பரவலை நிறுத்த முடியாது. ஊசி கொஞ்சமாக, தாமதமாக வந்தால், சாகக்கூடியவருக்கு நேராகப் போடுவதே நல்லது. 2009 அக்டோபரில் நடந்தது அதுதான். ஆக, நோக்கத்தோடும் வயதோடும் மூன்றாவதாக ஒன்றையும் பார்த்தாக வேண்டும்: இந்த வாரம் எத்தனை டோஸ் இருக்கிறது, அலை எங்கே நிற்கிறது. 2009-இல் அமெரிக்கர்கள் இதற்கும் இடம் வைத்திருந்தார்கள். 15.9 கோடிப் பேருக்குப் போதாவிட்டால் என்று 4.2 கோடிப் பேர் கொண்ட ஒரு சிறிய பட்டியலும் அதே நாளில் தயாராக இருந்தது.

பட்டியலில் யார் விட்டுப்போகிறார்கள்

‘மருத்துவப் பணியாளர் முதலில்’ என்பதை யாரும் மறுப்பதில்லை. அவர் படுத்தால் அவரை நம்பியிருக்கும் நூறு பேர் திண்டாடுவார்கள். ஆனால் மருத்துவப் பணியாளர் என்பவர் யார்? 2020 டிசம்பரில், கொரோனா தடுப்பூசியின் முதல் 5,000 டோஸை யாருக்குக் கொடுப்பது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை கணினிச் சூத்திரம் ஒன்றை வகுத்தது. வயது, வேலை செய்யும் பிரிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண். கொரோனா வார்டுகளில் இரவு பகலாக நின்ற பயிற்சி மருத்துவர்கள் 1,300-க்கும் மேல். முதல் பட்டியலில் வந்தவர்கள் 7 பேர். அவர்கள் இளையவர்கள், அதனால் வயதுக்கு மதிப்பெண் இல்லை. மாதத்துக்கு ஒரு பிரிவென மாறிக்கொண்டிருப்பவர்கள், அதனால் பிரிவுக்கும் மதிப்பெண் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த மூத்தவர்களின் பெயர் வந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகத் தெரியவில்லை. நோயாளியின் கட்டிலருகே யார் நிற்கிறார்கள் என்று சூத்திரம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் அரசு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வருபவர், வார்டைக் கழுவுபவர், பிணவறை ஊழியர், 108 ஓட்டுநர், வாசலில் நிற்கும் காவலாளி. இவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்காது. ஏஜென்சியின் பட்டியலில் இருக்கும். சம்பளப் பட்டியலை வைத்து முன்னுரிமை கொடுத்தால் இவர்கள் விட்டுப்போவார்கள்.

இணைநோய்க்காரர்களிலும் இதே கதை. 2021 மார்ச் 1 முதல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்களுக்கும் கொரோனா ஊசி திறக்கப்பட்டது. இருபது நோய்கள் கொண்ட ஒரு பட்டியல். அதில் ஒன்று இருப்பதாக மருத்துவரின் சான்றிதழ். சர்க்கரை இருப்பதே தெரியாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? மாதாமாதம் மருத்துவரைப் பார்க்க வசதியுள்ளவருக்கு அது ஒரு மணி நேர வேலை. ஒரே மாதத்தில், ஏப்ரல் 1 அன்று, சான்றிதழை விட்டுவிட்டு 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்றார்கள். எளிய விதி நுட்பமான விதியைவிட ஏழைக்கு நியாயமாக நடந்துகொண்டது.

வயது ஒன்றையே பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. 2009-இல் அமெரிக்காவின் பன்னிரண்டு மாநிலங்களில் பார்த்தபோது, பூர்வகுடி மக்களின் ஹெச்1என்1 இறப்பு விகிதம் மற்றவர்களைவிட நான்கு மடங்கு. நெருக்கடியான வீடு, ஆஸ்துமா, சர்க்கரை, தொலைவில் மருத்துவமனை எல்லாம் சேர்ந்த விளைவு. கனடா, தன் தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. வயதோடு இடத்தையும் பார்க்கும் இந்த வழி சரியென்றே எனக்குப் படுகிறது. மலைக்கிராமத்துக்கு ஊசி கடைசியில் போவது வழக்கம். அங்கே நோயுற்றவர் ஐசியு வந்து சேர்வதும் கடைசியில்தான்.

பட்டியல் காகிதத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. 2009 நவம்பரில், நியூயார்க்கில் பெரிய நிதி நிறுவனங்கள் சிலவற்றின் அலுவலக மருத்துவப் பிரிவுகளுக்கு ஊசி போனது தெரிய வந்தது. முன்னுரிமைப் பிரிவில் வரும் ஊழியர்களுக்கே அது என்று விளக்கம் சொன்னார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் கால்கடுக்க நின்ற தாய்க்கு அந்த விளக்கம் போதவில்லை. கனடாவின் கால்கரியில், பொதுமக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றபோது, அந்த நகரின் ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் தனியாக ஊசி போடப்பட்டது. சுகாதாரத் துறை ஊழியர் இருவருக்கு வேலை போனது. டோஸ் கணக்கில் இவை சொற்பம். ஆனால் வரிசையில் பொறுமையாக நிற்கச் சொல்லும் அரசுக்கு இருக்கும் ஒரே பலம் நம்பிக்கை. அது இப்படித்தான் கரைகிறது.

வரிசையை மிக இறுக்கமாகப் பிடித்தாலும் நட்டம்தான். 2021-இன் முதல் மாதங்களில் தமிழ்நாட்டில் ஊசி மையங்களுக்கு வந்தவர்கள் குறைவு; மருத்துவப் பணியாளர்களிலேயே பலர் தயங்கினார்கள். ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாலை நான்கு மணிக்கு ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள், குப்பி திறந்தாயிற்று. பட்டியலில் இல்லாதவருக்குப் போடவும் கூடாது. செவிலியர் என்ன செய்வார்? ஏப்ரல் நடுவில் மாநிலத்தில் வீணானது 12 விழுக்காடு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான விவரம் சொன்னது. கேரளத்தில் குப்பியில் கூடுதலாக இருக்கும் துளியையும் எடுத்துப் போட்டு, கணக்கைவிட அதிகம் பேருக்குப் போட்டார்கள். பிறகு தமிழ்நாடும் அதைச் செய்தது. அன்றைய கடைசி டோஸ்களை அருகில் இருக்கும் அடுத்த பிரிவினருக்குப் போடலாம் என்ற ஒரு வரி உத்தரவில் இருந்திருந்தால் அந்தச் செவிலியருக்குச் சங்கடம் இருந்திருக்காது.

எந்த நாட்டுச் செவிலியர் முதலில்?

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நாட்டுக்குள். நாடுகளுக்கு இடையே வரும்போது அறமும் கணிதமும் பின்வாங்கி, ஆலை யார் மண்ணில் இருக்கிறது என்பது முன்னுக்கு வந்துவிடுகிறது. 2009-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்எல் நிறுவனம் அமெரிக்காவுக்குத் தடுப்பூசி தர ஒப்பந்தம் போட்டிருந்தது. எங்கள் மக்களுக்குப் போட்ட பிறகே ஏற்றுமதி என்று ஆஸ்திரேலிய அரசு சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தோனேசியா இதை முன்பே உணர்ந்திருந்தது. பறவைக் காய்ச்சலால் அதிகம் பேர் இறந்த நாடுகளில் ஒன்று அது. 2007-இல் அதன் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, வைரஸ் மாதிரிகளை இனித் தர மாட்டோம் என்றார். எங்கள் நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸில் நீங்கள் ஊசி தயாரித்து, எங்களால் வாங்க முடியாத விலைக்கு விற்பீர்கள் என்பது அவர் வாதம். பலர் கண்டித்தார்கள். ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: வைரஸ் மாதிரியைப் பெறும் நிறுவனங்கள், பெருந்தொற்று வந்தால் தயாரிப்பில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் உலகத் தயாரிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போதாது. இருந்தாலும் 2009-இல் அதுவும் இல்லை. அப்போது நன்கொடையாகச் சேர்ந்து 77 நாடுகளுக்குப் போன 7.8 கோடி டோஸில் பெரும்பகுதி 2010-இல்தான் போய்ச் சேர்ந்தது, அலை ஓய்ந்த பிறகு. அதே சமயம் அமெரிக்கக் கிடங்குகளில் காலாவதியான சுமார் 4 கோடி டோஸ் அழிவுக்குக் காத்திருந்தது.

இந்தியாவில் முதலில் இறக்குமதியான ஊசி 2010-இல் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போனது. உள்நாட்டில் சைடஸ் கேடிலா தயாரித்த ஊசி அந்த ஆண்டு ஜூனில் வந்தது. புனேயின் சீரம் நிறுவனம் மூக்கில் விடும் மருந்தை அடுத்துக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இங்கே முன்னுரிமைப் பட்டியல் எப்படி இருந்தது என்பதைவிட, பட்டியலைப் பயன்படுத்தும் நேரத்தில் பயன்படுத்த ஏதாவது இருந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. இன்று இந்தியாவிடம் ஆலைகள் இருக்கின்றன, கொரோனாவில் கண்ட அனுபவமும் இருக்கிறது. அடுத்த இன்ஃப்ளூயன்சா வரும்போது முதல் கோடி டோஸ் யாருக்கு, அலை முன்னால் இருந்தால் யாருக்கு, கடந்துவிட்டால் யாருக்கு, ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை எந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பது, திறந்த குப்பியின் மிச்சத்தை என்ன செய்வது, இலங்கைக்கும் நேபாளத்துக்கும் எத்தனை என்பதையெல்லாம் நோய் இல்லாத இந்த நாட்களில், மாவட்டம் மாவட்டமாக மக்களைக் கூட்டி வைத்துக் கேட்டு எழுதி வைக்கலாம். அட்லாண்டாவில் சாதாரண மக்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசி முடித்ததை மதுரையிலும் தருமபுரியிலும் பேசி முடிக்க முடியும்.